சிலிண்டரில் பனி, அடுப்பில் மங்கல்: காரணம் இதுதான்

பெரிய அடுப்பு கொஞ்ச நேரம் எரிந்ததும் தீ மங்குகிறது, சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி படிகிறது, கசிவா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் கசிவு இல்லை. ஆனாலும் சோப்பு நுரை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சிலிண்டருக்குள் புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு எரிவாயுக்களும் அழுத்தத்தால் திரவமாக இருக்கின்றன. அடுப்பைத் திறந்ததும் அந்தத் திரவம் கொதித்து வாயுவாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் இரும்புச் சுவரிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. திரவம் நிற்கும் மட்டம் வரைதான் நன்றாகக் குளிரும். மீதி எவ்வளவு என்று அந்தப் பனிக்கோடே காட்டிவிடும். அடுப்பு இழுக்கும் வேகத்துக்கு வெளிக்காற்று சூடு கொடுக்க முடியாவிட்டால் அழுத்தம் விழும், தீ மங்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட 0 டிகிரி வேண்டும். புரோப்பேன் முந்திக்கொண்டு போய், எளிதில் கொதிக்காத பியூட்டேன் அதிகமாக மிஞ்சுவதால், சிலிண்டர் தீரும் சமயத்தில் தொல்லை கூடும்.

வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் தீ மூட்டுவது கூடவே கூடாது, தயவுசெய்து. படுக்கவும் வைக்காதீர்கள், திரவமே குழாய்க்குள் வந்துவிடும். இரண்டு மூன்று சிலிண்டர்களைச் சேர்த்து இணைத்துத் தரச் சொல்லி ஏஜென்சியில் கேளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் கொதிக்க வேண்டியிருக்கும், தீயும் சீராக நிற்கும்.