மார்கழி லீவுக்கு 9 வயசுப் பெடியனுக்கு சயன்ஸ் சாமான் என்ன வாங்கிக் குடுக்கலாம்?

மலிவு டெலஸ்கோப் மட்டும் வேண்டாம், ஸ்டாண்ட் ஆடி ஒண்டும் தெரியாது. அந்தக் காசுக்கு 10 மடங்கு பெருப்பிக்கிற பைனாகுலர் பாருங்கோ, மதில்ல கையை ஊண்டிப் பிடிச்சா 1610இல கலிலியோ கண்ட வியாழன்ர நாலு நிலவும் புள்ளியாத் தெரியும், யாழ்ப்பாணத்து மண்டைதீவுப் பக்கம் பூநாரை வந்தா அதையும் பாக்கலாம் (சூரியனைப் பாக்க விடாதேங்கோ, கண் போயிடும்).

காசு குறைவெண்டா பூதக்கண்ணாடி போதும். குட்டி உருண்டைக் காந்தம் வேண்டாம், விழுங்கினா குடலை ஓட்டையாக்கும்.

என்ர சொய்ஸ் எண்டா பட்டம்தான். மூங்கில், டிசு, நூல், விண் (பட்டத்தில கட்டுற, நாடா பூட்டின வில்லு) எல்லாம் குடுத்து அவனையே கட்ட விடுங்கோ, முச்சையை (பட்டத்தை நூலோட இணைக்கிற கட்டு) கொஞ்சம் மாத்தப் பட்டம் ஏன் தலைகீழாக் குத்துது, விண் ஏன் கூவுது எண்டு கேப்பான், காத்தில நாடா அதிருறதாலதான் அந்தச் சத்தம், பொங்கலண்டைக்கு வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ.