கார் பாகத் தொழிற்சாலையிலிருந்து ராக்கெட் வேலைக்கு: பட்டம் வேண்டுமா?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மெக்கானிக்கல் டிப்ளமோ, வயது 31. கார் பாகங்கள் செய்யும் ஆலையில் எட்டு வருடமாக குவாலிட்டியில் இருக்கிறேன். சிஎம்எம் (பாகங்களைத் தொட்டு அளக்கும் இயந்திரம்) ஓட்டுவேன், பிபிஏபி (புதிய பாகத்துக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வாங்கும் ஆவணங்கள்) ஃபைல் போடுவேன். விண்வெளித் துறைக்கு மாற ஏரோஸ்பேஸ் பட்டம் படித்தே ஆக வேண்டுமா? வயது தாண்டிவிட்டதா?"

பட்டம் வேண்டாம். ராக்கெட்டை வடிவமைக்கவோ அது போகும் பாதையைக் கணக்கிடவோ ஆசைப்பட்டால்தான் அந்தப் படிப்பு. டிராயிங்கில் இருக்கிற அளவு உலோகத்தில் நிஜமாகவே வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற உங்கள் வேலை, சென்னை அக்னிகுல், ஹைதராபாத் ஸ்கைரூட் மாதிரி ராக்கெட் செய்கிற எந்த இடத்திலும் இல்லாமல் முடியாது.

ஆனால் "எட்டு வருட அனுபவம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதில் எது அப்படியே செல்லும், எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஜிடி அண்ட் டி (டிராயிங்கில் வடிவத்துக்கும் இடத்துக்கும் விலகல் வரம்பு குறிக்கும் முறை), கேஜ் ஆர் அண்ட் ஆர் (கருவியும் அளப்பவரும் திரும்பத் திரும்ப ஒரே அளவைத் தருகிறார்களா என்ற சோதனை), கோளாறின் மூல காரணம் தேடுவது எல்லாம் அப்படியே செல்லும். மாற வேண்டியது எண்ணிக்கையை நம்பும் பழக்கம். கார் உலகில் ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் ஓடும், சாம்பிள் எடுத்து சிபிகே (அளவுகள் வரம்புக்குள் நிலையாக வருகிறதா என்று காட்டும் எண்) பார்த்துத் தேற்றிவிடலாம். ராக்கெட்டில் மொத்தமே நாலு பீஸ் என்றால் சிபிகே எதைச் சொல்லும்? அங்கே ஒவ்வொரு பீஸுக்கும் தனி ஜாதகம் உண்டு: எந்த ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) உலோகம், யார் வெல்டிங் செய்தது, எந்தக் கருவியால் அளந்தது, அந்தக் கருவிக்கு எப்போது காலிபரேஷன் ஆனது, எல்லாம்.

இது வெறும் காகித வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2009லும் 2011லும் நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள் வீணாகப் போயின, இரண்டு முறையும் டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்டில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் தலைக்கூடு பிரியவில்லை. அலுமினியப் பாகங்களைக் கொடுத்த நிறுவனம் சோதனை முடிவுகளைத் திருத்தி சர்டிபிகேட் கொடுத்திருந்தது என்று 2019ல் நாசா சொன்னது. நஷ்டம் 70 கோடி டாலருக்கும் மேல். மெட்டீரியல் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கும்போது சந்தேகத்தோடு படிக்கிற ஆள் நீங்கள் என்றால், அதைத்தான் ரெஸ்யூமில் உதாரணத்தோடு எழுத வேண்டும்.

இன்னொரு பழக்கமும் உடைய வேண்டும். ஆலையில் பாகம் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வைப்போம். திரவ ஆக்ஸிஜன் ஓடுகிற பாகத்தில் அந்த எண்ணெய்ப் படலம் மிஞ்சினாலே தீப்பிடிக்கலாம். அதனால் சுத்தமும் அங்கே அளந்து பார்த்துப் பதிவு செய்கிற ஒரு விஷயம்.

அப்புறம், அளப்பதே வேறு மாதிரி. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அக்னிகுல் ஏவிய சோதனை ராக்கெட்டில் இருந்தது ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த இன்ஜின். பிரிண்ட் செய்த இன்ஜின்களின் சுவருக்குள் குளிர்விக்கும் வழிகள் இருக்கும், சிஎம்எம் புரோப் அங்கே போகாது. உள்ளே பவுடர் சிக்கியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோதான் காட்டும். ஆகவே நீங்கள் பணம் போட்டுப் படிப்பதாக இருந்தால் என்டிடி (பாகத்தைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது) லெவல் 2 படியுங்கள், ரேடியோகிராஃபியும் பெனட்ரன்டும் (விரிசலில் சாயம் ஊறவைத்துப் பார்ப்பது) போதும். அதற்கு வேலை செய்த மணிநேரக் கணக்கும் கேட்பார்கள், இப்போது இருக்கும் ஆலையிலேயே அதைச் சேர்க்க முடியுமா பாருங்கள்.

காசு செலவில்லாமல் இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கார் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949ம் விமான, விண்வெளித் துறையின் ஏஎஸ் 9100ம் ஐஎஸ்ஓ 9001 என்ற பொதுத் தரநிலை மேல் கட்டியவைதான், பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முதல் பாகத்தைச் சோதிப்பதற்கான ஏஎஸ் 9102ன் மூன்று படிவங்களை எடுத்து, நீங்களே வரைந்த ஒரு சின்ன பாகத்துக்கு பலூன் போட்டு (டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் வட்டத்துக்குள் எண் கொடுத்து) முழுசாக நிரப்புங்கள். கம்பெனி டிராயிங்கைத் தொடவே தொடாதீர்கள், ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று பெயர் வந்தால் இந்தத் துறையில் வேலையே கிடைக்காது. நிரப்பியதை நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள், அரை மணி நேரம் பேச அதுவே போதும்.

நேராக ஸ்டார்ட்அப்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். கோவையிலும் பெங்களூரு பீன்யாவிலும் விண்வெளி பாகங்கள் மெஷினிங் செய்கிற சப்ளையர்கள் இருக்கிறார்கள். அங்கே இரண்டு வருடம் இருந்தால் மேலே சொன்ன பதிவுப் பழக்கம் தானாக வந்துவிடும், வேலையை விட்டுவிட்டுத் தேடவும் வேண்டியதில்லை.

வயது தனியாரில் ஒரு தடையே இல்லை. இஸ்ரோவில்தான் கவனம் வேண்டும்: திருவனந்தபுரம் விஎஸ்எஸ்சி, மகேந்திரகிரி ஐபிஆர்சி போன்ற மையங்கள் எடுக்கும் டெக்னிக்கல் அசிஸ்டன்ட் பதவிக்கு முதல் வகுப்பு டிப்ளமோ கேட்பார்கள், பொதுப் பிரிவுக்கு வழக்கமாக 35 வயது வரை. எழுத்துத் தேர்வு, திறன் தேர்வு இரண்டும் உண்டு. டிப்ளமோவில் முதல் வகுப்பு இருந்தால் அடுத்த அறிவிப்புக்கே விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் நேரம் செலவழிக்காமல் சப்ளையர் வழியாகவே போங்கள்.