பாங்காக் பள்ளியில் ஆசிரியை வேலை: அழைப்புக் கடிதத்தை நம்பலாமா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்த நான், நான்கு ஆண்டுகளாக ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் மாதம் 14,000 ரூபாய் சம்பளத்தில் பணிபுரிகிறேன். டெலிகிராம் குழு ஒன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். பாங்காக்கில் உள்ள ஒரு சர்வதேசப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை என்று அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. மாதம் 95,000 பாட் சம்பளம், தங்குமிடமும் உணவும் இலவசம். வாட்ஸ்அப் செய்திகளிலேயே நேர்காணலை முடித்துவிட்டார்கள். பதிவுக் கட்டணமாக 8,000 ரூபாய் கட்டிவிட்டேன். பணி அனுமதிக்காக மேலும் 65,000 ரூபாய் இந்த வாரத்துக்குள் கேட்கிறார்கள். டிசம்பர் முதல் வாரம் சேர வேண்டும், சுற்றுலாப் பயணியாக வந்தால் போதும், வேலை விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்பா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். நம்பலாமா?

- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். விமான டிக்கெட்டும் எடுக்க வேண்டாம். காரணங்களைப் பிறகு பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இணைத்து அனுப்பியிருந்த அழைப்புக் கடிதத்தின் நகலைப் பார்த்தேன். பள்ளியின் சின்னம், வட்ட முத்திரை, முதல்வரின் கையெழுத்து என எதிலும் குறையில்லை. ஆங்கிலமும் பிழையின்றியே இருக்கிறது. எழுத்துப்பிழையை வைத்துப் போலிக் கடிதத்தைக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. இன்று யாரும் சில நிமிடங்களில் இப்படியொரு கடிதத்தைத் தயாரித்துவிடலாம் என்பதால், கடிதத்தை உற்றுப் பார்ப்பதில் பயன் அதிகமில்லை. உங்களிடம் என்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள், எதைக் கேட்கவே இல்லை என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

தாய்லாந்தில் ஒரு பள்ளி வெளிநாட்டவரை ஆசிரியராக நியமிப்பது எளிதான காரியம் அன்று. பட்டச் சான்றிதழ்களும், காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாட்டினராயின் டோயிக் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வொன்றின் மதிப்பெண்ணும் (பொதுவாக 600 அல்லது அதற்கு மேல்) கேட்கப்படும். தனியார் பள்ளியானால், அந்நாட்டின் தனியார் கல்வி ஆணைய அலுவலகத்திடமிருந்து உங்கள் பெயரில் ஒப்புதல் கடிதம் பெற வேண்டும். அதை வைத்துத்தான் ‘நான் இமிக்ரன்ட் பி’ என்ற வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அதன் பிறகு தொழிலாளர் அமைச்சகத்தின் பணி அனுமதி. அதோடு ‘குருசபா’ எனப்படும் ஆசிரியர் மன்றத்தின் உரிமம், அல்லது உரிமம் கிடைக்கும்வரை தற்காலிக அனுமதி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பள்ளியே முன்னின்று ஆவணங்கள் தர வேண்டும். இத்தனை அலுவலகங்களுக்கு உங்கள் பொருட்டு அலையப்போகும் ஒரு நிர்வாகம், நீங்கள் பாடம் நடத்துவதை ஒருமுறைகூடப் பார்க்காமல் வேலை கொடுக்குமா?

உங்களிடம் கேட்கப்பட்டவை பாஸ்போர்ட்டின் நகல், ஒரு புகைப்படம், பணம் ஆகிய மூன்றுதான். பி.எட். சான்றிதழைப் பற்றியோ, எந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தீர்கள் என்பது பற்றியோ பேச்சே இல்லை. ஆனால் நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் தட்டச்சு செய்வீர்கள் என்று கேட்டதாக உங்கள் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்த வரி அதுதான். ஏழாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணம் நடத்தப்போகிறவரின் தட்டச்சு வேகம் எந்தப் பள்ளிக்குத் தேவை?

தாய்லாந்தின் தாக் மாகாணத்தில், பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் மே சோட் என்ற எல்லை நகரம் இருக்கிறது. அங்கே மோயி ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவாடி. அப்பகுதியில் வேலி போட்ட வளாகங்களில் அடைத்துவைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர், முன்பின் அறியாதவர்களுடன் இணையத்தில் நட்பாகவோ காதலாகவோ பேசி முதலீட்டு மோசடியில் சிக்கவைக்கும் வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள். ஆங்கிலத்தில் சரளமாகவும் வேகமாகவும் எழுதத் தெரிந்தவர்களே அவர்களுக்கு வேண்டும். பாங்காக்கில் நல்ல வேலை என்று சொல்லி வரவழைத்து, விமான நிலையத்திலிருந்து நேராகக் காரில் எல்லைக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, வெளியேற விரும்பினால் பெருந்தொகை கேட்பதுதான் வழக்கம். இப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு முறை மே சோட்டுக்குச் சென்று 549 இந்தியர்களை அழைத்துவந்தன. மீட்கப்பட்டவர்களில் பலர் கணினி வேலை, விற்பனை வேலை என்று நம்பிப் போனவர்கள். உங்களை அழைப்பவர்கள் இந்த வகையினரா, அல்லது 65,000 ரூபாயை வாங்கிக்கொண்டு எண்ணை மாற்றிவிடும் சாதாரண ஏமாற்றுக்காரர்களா என்பதை இங்கிருந்தபடி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது வகையாக இருந்தால் போவது பணம் மட்டுமே. முதல் வகையாக இருந்தால், சில சமயம் அவர்கள் பணமே கேட்காமல் டிக்கெட்டும் அவர்களே எடுத்து அனுப்புவார்கள். ஆகவே ‘அவர்கள் காசு கேட்கவில்லை, அதனால் உண்மை’ என்று யாராவது சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

சுற்றுலாப் பயணியாக வந்து வேலை விசாவுக்கு மாறலாம் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது எடுபடுகிறது. தாய்லாந்துக்குள் இருந்துகொண்டே விசா வகையை மாற்ற விதிகளில் இடமுண்டு; உண்மையான பள்ளிகள் சிலவும் அவ்வாறு செய்கின்றன. 2023 நவம்பரில் இந்தியர்களை விசா இல்லாமல் சுற்றுலா வர அந்நாடு அனுமதிக்கத் தொடங்கிய பிறகு, இந்த வழியைக் காட்டி அழைப்பதும் சுலபமாகிவிட்டது. ஆனால் பணி அனுமதி கைக்கு வருவதற்கு முன் ஒரு நாள் வகுப்பெடுத்தாலும் அது சட்டவிரோதம். பிடிபட்டால் ஆசிரியருக்கு அபராதமும் நாடுகடத்தலும் உண்டு. அந்த ஊரில் ஒருவரையும் அறியாத நிலையில், முதன்முறையாக வெளிநாடு செல்லும் நீங்கள் இந்த வழியை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலை விசா பாஸ்போர்ட்டுக்குரியவரின் பெயரில் இந்தியாவிலேயே கிடைத்த பிறகுதான் பயணம். தாய்லாந்து விசாவுக்கு இப்போது இணையத்திலேயே நேரடியாக விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்தலாம் என்பதால், விசாவுக்காக என்று சொல்லித் தனி மனிதரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பவோ, அசல் பாஸ்போர்ட்டையோ அசல் சான்றிதழ்களையோ எவரிடமும் ஒப்படைக்கவோ தேவையில்லை.

சம்பளத்தைப் பற்றி ஒரு சொல். 95,000 பாட் என்பது நம் பணத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். பாங்காக்கின் பெரிய சர்வதேசப் பள்ளிகளில் இந்தச் சம்பளம் உண்டு. ஆனால் அங்கே பல சுற்று நேர்காணல்கள் நடக்கும், முன்பு வேலை பார்த்த பள்ளியின் முதல்வரிடம் நேரடியாக விசாரிப்பார்கள், அந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தில் அனுபவமும் கேட்பார்கள். சாதாரணப் பள்ளிகளில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டு ஆசிரியர்களுக்கு இதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பது அரிது. வகுப்பறையில் பத்தாண்டு நின்ற இந்திய ஆசிரியரைவிட, ஆங்கில நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய பட்டதாரிக்கு அதிகம் கொடுக்கும் வழக்கம் எனக்கும் கசப்பானதுதான். ஆனாலும் நடைமுறை அதுதான்; அதைத் தெரிந்துவைத்திருந்தால் மிகையான தொகை கண்ணை மறைக்காது. சேரும் மாதமும் பொருந்தவில்லை. அங்கே பெரும்பாலான பள்ளிகளில் கல்வியாண்டு மே மாத நடுவில் தொடங்கும்; இரண்டாம் பருவம் நவம்பர் தொடக்கத்தில். யாரேனும் திடீரென விலகியிருந்தால் டிசம்பரிலும் இடம் காலியாகலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், அவர்கள் கொடுத்த எண்ணையோ இணைப்பையோ பயன்படுத்தாமல் சரிபாருங்கள். பள்ளியின் பெயரை நீங்களே தேடி, அதன் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து அழையுங்கள். தாய்லாந்தின் நாட்டு எண் 66. பாங்காக் தரைவழித் தொலைபேசிகளுக்கு அதை அடுத்து 2 வரும். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பலவற்றின் இணைய முகவரி ‘ஏசி டாட் டிஎச்’ (.ac.th) என முடியும். அந்த முடிவை எவரும் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. எல்லாப் பள்ளிகளும் அதைப் பயன்படுத்துவதில்லை என்றாலும், உங்களுக்கு வந்ததைப் போல ஜிமெயில் முகவரியிலிருந்து நியமனக் கடிதம் அனுப்பும் சர்வதேசப் பள்ளியை நான் நம்ப மாட்டேன். பல போலிக் கடிதங்களில் பள்ளி உண்மையானதாகவே இருக்கும்; அங்கே அப்படியொரு வேலைதான் இருக்காது. ஆகவே பள்ளி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத் திருப்தி அடையாமல், இந்தப் பெயரில் இந்தக் கடிதத்தை நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று அலுவலகத்திலேயே கேளுங்கள். பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி விசாரிக்கலாம்.

உங்களுக்கும் பள்ளிக்கும் இடையில் ஏஜென்ட் எவரேனும் நின்றால், அவரைப் பற்றியும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்து உரிமம் பெற்றவர்கள் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்டாக ஆள் எடுக்கலாம். அவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே, ரசீது கொடுத்து வாங்கலாம். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ‘இ-மைக்ரேட்’ என்ற அரசுத் தளத்தில் இருக்கிறது. வேறொருவரின் உரிம எண்ணைத் திருடிப் போடுகிறவர்களும் உண்டு என்பதால், அந்தப் பட்டியலில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்பதே சரி. பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் தாய்லாந்துக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அப்போது அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்ப்பார். பட்டதாரியான உங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் வைத்த விலக்கு இது. அதன் விளைவாக உங்கள் ஒப்பந்தத்தை உங்களைத் தவிர வேறு எவரும் படித்துப் பார்க்கப்போவதில்லை.

வெளிநாட்டில் பாடம் நடத்தும் ஆசையை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. பி.எட். படித்து நான்கு ஆண்டு வகுப்பெடுத்தவர் என்ற தகுதி, வெறும் பட்டம் மட்டும் உள்ளவர்களிடம் இல்லாதது. டோயிக் தேர்வை எழுதுங்கள். பாஸ்போர்ட் சேவா மூலம் காவல்துறைச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பள்ளிகளுக்கு நேரடியாக எழுதுங்கள். சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

கட்டிவிட்ட 8,000 ரூபாய்க்காக இன்றே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். பணம் அனுப்பிய விவரத்தை வங்கிக்கும் தெரிவியுங்கள். நாள் கடந்திருந்தால் மீட்பது கடினமே என்றாலும், அந்தக் கணக்கை முடக்க உங்கள் புகார் உதவும். புகார் செய்யும் முன் அவர்களிடம் சண்டை போடாதீர்கள், உரையாடலையும் அழிக்காதீர்கள்; ஸ்கிரீன்ஷாட்டுகளும் பரிவர்த்தனை எண்ணும்தான் சான்றுகள். பாஸ்போர்ட் நகல் அவர்களிடம் இருப்பதால், உங்கள் பெயரில் கடன் ஏதும் எடுக்கப்படுகிறதா என்று சில மாதங்களுக்குக் கடன் அறிக்கையைப் பார்த்துவாருங்கள். ஓடிபி கேட்டு வரும் அழைப்பு எதற்கும் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் மறுத்த சில நாட்களில், பணத்தைத் திருப்பித் தருகிறோம், அதற்குச் செயலாக்கக் கட்டணம் 2,000 ரூபாய் கட்டுங்கள் என்று அவர்களே வருவார்கள். அல்லது சைபர் கிரைம் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வேறொருவர் பேசுவார். உண்மையான காவல்துறை புகாருக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த அழைப்பு வந்தால், அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.