அரணைக்குப் பணத்தைக் கொட்டலாமா?

கேள்வி: மொரீசியஸ் பக்கம் ஒரு குட்டித் தீவில் மட்டுமே இருந்த அரணையைப் பிடித்து வேறு தீவில் கொண்டுபோய் விட்டார்களாம். மூஞ்சூறு தின்று அழிந்தால் அது இயற்கைதானே? இதற்கெல்லாம் பணத்தைக் கொட்ட வேண்டுமா?
- படகோட்டி ஒருவர், நிலாவெளி

பதில்: இயற்கையா? அந்த மூஞ்சூறு நீந்தியா போனது? நம் குசினியில் இரவில் கீச்சிட்டுத் திரியும் அதே இனம்தான். ஆசியாவிலிருந்து கப்பலேறி மொரீசியசுக்குப் போய், அங்கிருந்து மனிதர்களின் பொருட்களோடு, நீங்கள் சொல்லும் குட்டித் தீவான ஃபிளாட் தீவிலும் இறங்கியது.

நீங்கள் கேட்பது செம்மஞ்சள் வால் அரணையைப் பற்றி. உலகத்தில் அது மிஞ்சியிருந்ததே அந்த ஃபிளாட் தீவில்தான். மூஞ்சூறுக்குப் பயந்து ஓடிப் பழகாத உயிர். சருகுக்குள்ளும் கல்லிடுக்கிலும் ஒளிந்தாலும் மூஞ்சூறு அதே இடுக்கில் நுழைந்துவிடும். 2010இல் மூஞ்சூறு தென்பட்டது. இரண்டு வருடம் போவதற்குள் அந்தத் தீவில் அரணை ஒன்றுகூட இல்லை. ஆபத்து வருமென்று 2008இலேயே சிலவற்றைப் பிடித்து, கன்னர்ஸ் கொயின் என்ற பக்கத்துத் தீவில் விடத் தொடங்கியிருந்தார்கள். இனம் தப்பியது அதனால்தான். வீண்செலவு என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

அதே நாட்டின் ரவுண்ட் தீவையும் பாருங்கள். மனிதர் கொண்டுவிட்ட ஆடும் முயலும் மேய்ந்து மேய்ந்து மண்ணையே கரைத்துவிட்டன. 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் முற்றாக அகற்றினார்கள். செடிகொடி திரும்பத் துளிர்த்தது. அங்கே மட்டும் எஞ்சியிருந்த டெல்ஃபேர் அரணையைப் பிறகு வேறு தீவுகளிலும் குடியேற்ற முடிந்தது. நாம் கெடுத்ததை நாமே திருத்தலாம், ஆனால் அதற்குப் பல வருட உழைப்பு வேண்டும்.

பணம்தான் உங்கள் கவலை என்றால், ஆகக் குறைந்த செலவு எலியையும் மூஞ்சூறையும் தீவில் இறங்கவிடாமல் தடுப்பதுதான். அது உங்கள் கையிலும் இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவுக்குத்தானே தினமும் ஆள் ஏற்றுகிறீர்கள்? அந்தப் பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களின் முட்டைக்கும் எலிதான் எமன். அடுத்த முறை படகைத் தள்ளுமுன் சாப்பாட்டுப் பெட்டி, சாக்கு, வலை எல்லாவற்றையும் கரையிலேயே உதறிப் பாருங்கள். மிச்சச் சோற்றைத் தீவில் போட வேண்டாமென்று ஏறுகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.