கலெக்டர் என்றால் வசூல்காரர்

(வேலூர்ப் பக்கத்துத் தாலுகா ஆபீஸ்களில் 31 வருடம் பேனா பிடித்து, ஹெட்கிளார்க்காக ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. டெமாக்ரசி, பியூராக்ரசி, ஆலிகார்க்கி என்று பக்கத்துக்குப் பக்கம் வருவதைப் பார்த்து அழுகிறாள். எப்படி மனப்பாடம் செய்வது?
– ஒரு தாய், ஆம்பூர்

பதில்: மனப்பாடமே வேண்டாம், அம்மா. முதலில் சொல்லின் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். 'கிரசி' என்று முடிந்தால், அது கிரேக்கத்தில் 'கிராட்டோஸ்', அதாவது அதிகாரம். யார் கையில் அதிகாரம் என்பது சொல்லின் தலையில் இருக்கும். டெமோஸ் என்றால் மக்கள், ப்ளூட்டோஸ் என்றால் செல்வம், கெரோன் என்றால் கிழவர். அரிஸ்டோஸ் என்றால் மிகச் சிறந்தவர். தங்களைத் தாங்களே அப்படிச் சொல்லிக்கொண்டவர்களின் ஆட்சி அரிஸ்டாக்ரசி. ஆட்டோ என்றால் 'தானே'. வாசலில் நிற்கும் ஆட்டோவிலும் அதே சொல்தான் இருக்கிறது. எல்லாம் தானே என்று ஒருவர் உட்கார்ந்துகொண்டால் ஆட்டோக்ரசி.

எனக்கு நெருக்கமானது பியூராக்ரசி. பியூரோ என்பது பிரெஞ்சில் எழுதுகிற மேசை. அதற்கும் முன்னால், அந்த மேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணிக்குத்தான் அந்தப் பெயர். 18ஆம் நூற்றாண்டில் வின்சென்ட் தெ கூர்னே என்ற பிரெஞ்சுக்காரர் கிண்டலாகக் கட்டிவிட்ட சொல் இது: மேசையின் ஆட்சி. பச்சைத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஜனங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கூர்னே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

'ஆர்க்கி' என்பது இன்னொரு வால், அதற்கு ஆட்சி என்று பொருள். ஒருவர் ஆண்டால் மொனார்க்கி, சிலர் சேர்ந்து ஆண்டால் ஆலிகார்க்கி, யாரும் ஆளாவிட்டால் அனார்க்கி. ஆர்க்கியே நம் 'அரசு'விலிருந்து போனதுதான் என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அதைப் பரீட்சையில் எழுதிவிட வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கலெக்டர் அப்படி எதைத்தான் கலெக்ட் பண்ணுகிறார்?
– வாசகர், காட்பாடி

பதில்: நிலவரியை. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி, வங்காளத்தில் வரி வசூலிக்க வைத்த ஆள்தான் கலெக்டர். சரி, தாசில்தார்? 'தஹ்சீல்' என்றால் அரபியில் வசூல்; 'தார்' பாரசீக ஒட்டு, அந்த வேலையைக் கையில் வைத்திருப்பவர். ஆக, இருவருக்கும் பெயர் ஒன்றுதான். ஒருவருக்கு இங்கிலீஷில், இன்னொருவருக்குப் பாரசீகத்தில்.

நமக்கு இதில் ஆச்சரியம் கூடாது. ஆற்காட்டு நவாப் தர்பாரில் பாரசீகம்தான் ஆபீஸ் பாஷை. தாலுகா, ஜில்லா, பிர்க்கா, ஜமாபந்தி எல்லாம் அந்த வழியில் வந்தவை. 1801இல் கம்பெனி நாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டபோது சொற்களை விட்டுவைத்தது. கணக்கு அதில்தானே இருந்தது!

பிறகு நாம் தமிழாக்கினோம்: மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர். வசூல்காரர் இருவரையும் 'ஆட்சியர்' ஆக்கிவிட்டோம். இதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. ஒரு ஜமாபந்தியன்று (வருடாந்தர நில வருவாய்க் கணக்குத் தணிக்கை), பட்டா மாற்றத்துக்காகக் காலையிலிருந்து வேப்பமரத்தடியில் காத்திருந்த பெரியவர் என்னிடம், "வரி வாங்கறவரு எப்ப வருவாரு, சார்?" என்று கேட்டார். நாங்கள் நாலு பேர் சிரித்தோம். அவர் சொன்னதைவிடச் சரியான மொழிபெயர்ப்பை நான் எந்த அரசாணையிலும் பார்த்ததில்லை.

மினிஸ்டர் கதையும் இதேதான். லத்தீனில் அதற்கு ஏவலாள், பணியாள் என்று அர்த்தம். செக்ரட்டரி என்றால் ரகசியம் காப்பவர். 2019இல் நம் ஜில்லாவை மூன்றாக்கியதில் இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று வசூல்காரர்களும் மூன்று பேர்.

கேள்வி: பட்ஜெட்டுக்கும் நம் பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டாமே?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவரோ? பழைய பிரெஞ்சில் 'பூஜெத்' என்றால் சின்னத் தோல்பை. கணக்குக் காகிதங்கள் இருந்த பையின் பெயர் கணக்குக்கே வந்துவிட்டது. நம் நிதியமைச்சர்களும் பெட்டியோடுதான் போனார்கள். 2019இல் நிர்மலா சீதாராமன் சிவப்புத் துணியில் கட்டி எடுத்துப் போனார். தோல் போனாலும் பெயர் போகவில்லை.

'பிஸ்கல்' என்று பேப்பரில் வருகிறதே, அது லத்தீனில் கூடை, பணம் போடும் கூடை. இங்கிலாந்தில் கஜானாவுக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம்போட்ட துணியை மேசையில் விரித்து, அதன்மேல் வில்லைகளை நகர்த்தி வரிக்கணக்குப் பார்த்தார்கள். குடியாத்தம் லுங்கி ஒன்று கிடைத்திருந்தால் ராஜாவுக்குச் செலவு மிச்சம்.

கேள்வி: அஸ்ட்ராலஜி, அஸ்ட்ரானமி. எது எது?
– மாணவி, வாணியம்பாடி

பதில்: 'லஜி'க்கு மூலம் லோகோஸ்: சொல், பேச்சு, ஒன்றைப் பற்றிய விளக்கம். நட்சத்திரத்தை வைத்து ஜோசியம் பேசுவது அஸ்ட்ராலஜி. வேலூர் ஆட்டோக்காரர்களுக்கு நெப்ராலஜி, கார்டியாலஜி, நியூராலஜி எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆஸ்பத்திரியில் எந்தப் பிளாக் வாசலில் இறக்க வேண்டும் என்று கேட்காமலே இறக்குவார்கள். 'நமி'க்கு மூலம் நோமோஸ்: விதி. தலைவிதி அல்ல, ஒழுங்குவிதி. நட்சத்திரங்கள் எந்த விதிப்படி நகர்கின்றன என்று பார்ப்பது அஸ்ட்ரானமி. உங்கள் ஊருக்கு மேலே ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்துச் செய்வது அந்த வேலைதான். உங்கள் கல்யாணம் எப்போது என்று அங்கே போய்க் கேட்காதீர்கள்.

எகானமியும் இதே குடும்பம். ஒய்கோஸ் என்றால் வீடு. வீட்டு நிர்வாகம் என்பதுதான் அதன் முதல் பொருள்.

கேள்வி: உங்கள் வீட்டில் என்ன 'கிரசி'?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வயதை வைத்து, கெரோண்டாக்ரசி என்றுதான் எழுத உட்கார்ந்தேன். "மாவு மிஷினுக்குப் போகச் சொல்லி அரைமணி ஆச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது. நான் இந்த வீட்டில் மினிஸ்டர், லத்தீன் அர்த்தத்தில்.