ரயிலில் பாடிய சிறுமிக்குப் பிறகு என்ன நடந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய நாடகக் கலைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசித்து வருகிறேன். என் கேள்வி எங்கள் வீட்டிலிருந்தே வருகிறது. தம்பி மகன் பொறியியல் முடித்துவிட்டு நடிகனாக வேண்டும் என்று சென்னையில் இருக்கிறான். கம்பெனி கம்பெனியாகப் போட்டோ கொடுக்கிறான், ரீல்ஸ் போடுகிறான். மற்ற நேரமெல்லாம் காத்திருக்கிறான். ஏதாவது சொன்னால், “கே.பி. சுந்தராம்பாள் ரயிலில் பாடிக்கொண்டிருந்தவர்தானே அத்தை? ஒருத்தர் கேட்டார், வாழ்க்கையே மாறிப்போச்சு. மனோரமாவும் அப்படித்தான். விஜய் சேதுபதி கணக்கு எழுதிக்கொண்டு இருந்தவர். என்னையும் ஒருநாள் யாராவது பார்ப்பார்கள்” என்கிறான். நானும் அவன் அனுப்பும் பேட்டிகளை எல்லாம் பார்த்துவிட்டேன். எல்லாமே ஒரே கதையாக இருக்கிறது. வறுமை, அவமானம், ஒருநாள் ஒருவர் கண்ணில் படுவது, பிறகு உச்சம். இதெல்லாம் உண்மையா? அதிர்ஷ்டம்தானா எல்லாம்? அவனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஆர்.,
ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் மருமகன் சொல்லும் கதைகள் பொய்யில்லை. கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாள் சிறுமியாக ரயிலில் பாடியதும், அந்தக் குரலைக் கேட்ட ஒருவர் அவரை நாடகத்துக்குக் கொண்டுபோனதும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருபவை. கேட்டவர் யார் என்பதில்தான் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்தக் கதை ரயிலோடு நின்றுவிடுவதுதான் என் வருத்தம். ரயிலை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பெண் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அவர் போய்ச் சேர்ந்தது வேலு நாயரின் நாடகக் கம்பெனியில். அங்கே சிறுபிள்ளை வேடங்கள் கட்டினார். பிறகு ஸ்பெஷல் நாடகம், இலங்கைப் பயணம். ஸ்பெஷல் நாடகம் என்றால் என்னவென்று உங்கள் மருமகனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஓர் ஊரிலிருந்து வருவார். கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். கோமாளியான பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்று சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஆட வேண்டும். வள்ளி திருமணத்தில் வேடனாக வந்தவர் ஒரு ராகத்தில் கேள்வியைப் போட்டால், வள்ளி அதே ராகத்தில், அதே தாளத்தில், அந்த நிமிஷமே பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் கொட்டகையே சிரிக்கும். இதெல்லாம் மைக் வருவதற்கு முந்தைய காலம். கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் எட்ட வேண்டும்.

1920களின் பிற்பகுதியில் சுந்தராம்பாள் இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையேறினார். கிட்டப்பா சின்ன வயதிலிருந்தே அண்ணன்மாரோடு நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர், அப்போதே பெரிய பெயர். அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் உட்கார, இவர்கள் இருவரும் பாட்டில் மோதிக்கொள்வதைக் கேட்கத்தான் ஜனம் கூடியது. அந்தக் குரலுக்கு எதிரே நின்று பாடிப் பாடித்தான் சுந்தராம்பாளின் குரல் நாம் அறிந்த குரலானது. இருவரும் மணந்துகொண்டார்கள். வாழ்க்கை சுகமாக அமையவில்லை. 1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைச் சேலை கட்டினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

ஒரு நடிகையின் தொழில் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சினிமாக்காரர்கள் தேடி வந்தபோது, தட்டிக் கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். அவர்கள் அதற்கும் சம்மதித்தார்கள். 1935இல் வந்த ‘பக்த நந்தனா’ரில் அவர் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். ஜோடி இல்லாமல் நடிக்க அது ஒரு வழி. 1953இல் ‘ஔவையார்’. சென்னை மேலவை உறுப்பினராகவும் இருந்தார். இவ்வளவையும் ‘ரயிலில் ஒருத்தர் கேட்டார்’ என்ற ஒரு வரியில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒருத்தர் ஒரு கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

சுந்தராம்பாளுக்கு ஸ்பெஷல் நாடக மேடை எதைக் கொடுத்ததோ, அதை ஆண்பிள்ளைகளுக்குக் கொடுத்தவை பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள். இதற்குப் பின்னால் இருந்தவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். பெரிய நடிகர்கள் மேடையில் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பேசுவதையும் கட்டுப்பாடில்லாமல் நடப்பதையும் பார்த்துச் சலித்துப்போய், சிறுவர்களை வைத்தே நாடகம் போடலாம் என்று முடிவுசெய்தார். 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவர்களுடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளையே பெண் வேடம் கட்டிய நடிகர்தான்.

சண்முகம் தன் சுயசரிதையான ‘எனது நாடக வாழ்க்கை’யில் அந்தக் காலத்தை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம். விடிந்ததும் அது பாடமாகிவிட்டது. கம்பெனி வீட்டில் வாத்தியார் சொல்லச் சொல்லப் பையன்கள் திருப்பிச் சொல்வார்கள். முதலில் வசனம், பிறகு பாட்டு, பிறகு அடவு. ஓர் எழுத்து பிசகினால் அடி. கடைசிக் காலத்தில் சுவாமிகள் பக்கவாதத்தில் விழுந்தார், பேச்சும் போயிற்று. 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அவர் உருவாக்கிய பையன்கள் அடுத்த நாற்பது ஆண்டுக்குத் தமிழ் மேடையையும் திரையையும் தாங்கினார்கள்.

சிவாஜி கணேசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வந்தது, ஒரே நாளில் நட்சத்திரம் ஆனார் என்பார்கள். அதற்கு முந்தைய கதை திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது. கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு நடிக்கும் ஆசை பிடித்த பையன், ஏழு வயதில், அப்பா அம்மா இல்லாத அநாதை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தான். முதல் வேடம் சீதை. அதே ராமாயணத்தில் பிறகு பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து. ஒரு நாடகத்தை நாலு பக்கத்திலிருந்து நடித்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய படிப்பு என்று யோசித்துப் பாருங்கள்! சீதையாக அழுதவனுக்கு, சூர்ப்பனகையாகும்போது எதிரே நிற்கும் சீதை எப்படி மூச்சுவிடுவாள் என்று தெரிந்திருக்கும். தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் அவரைக் கண்டுகொண்டதும் நூர்ஜஹானாகப் பெண் வேடத்தில் நடித்தபோதுதான். படப்பிடிப்பு தொடங்கிய பின் இந்தப் பையன் வேண்டாம், மாற்றிவிடலாம் என்று ஏவி.எம். தரப்பிலிருந்து பேச்சு எழுந்தபோது, மாட்டேன் என்று நின்றவரும் பெருமாள்தான். ‘ஒருத்தர் பார்த்தார்’ என்பது இங்கேயும் உண்மை. ஆனால் அவர் பார்த்தபோது, பார்ப்பதற்குப் பதினைந்து வருஷத்துக்கு மேலான வேலை அங்கே இருந்தது.

எம்.ஜி.ஆர். கதை இன்னும் மெதுவானது. கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்து, சிறுவயதிலேயே அப்பாவை இழந்து, அம்மா சத்தியபாமாவோடு கும்பகோணம் வந்தார். அண்ணன் சக்கரபாணியும் அவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததற்குக் கலையார்வம் மட்டும் காரணமில்லை, அங்கே சோறு கிடைக்கும் என்பதும்தான். 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது தன் சிறுவயதுப் பசியைத்தான் காரணமாகச் சொன்னார். முதல் படம் 1936இல் ‘சதிலீலாவதி’, சின்ன வேடம். கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ வந்தது 1947இல். நடுவில் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷத்தை எந்தப் பேட்டியிலாவது கேட்டிருக்கிறீர்களா? வீடியோக்களில் அது ‘பல போராட்டங்களுக்குப் பிறகு’ என்று மூன்று சொல்லில் போய்விடும்.

இதையெல்லாம் சொல்வதால் பாய்ஸ் கம்பெனியைப் பொற்காலமாக ஆக்கிவிடக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து, அடித்துப் பாடம் கொடுத்து, இரவெல்லாம் விழிக்க வைத்து வேலை வாங்கிய இடம் அது. இன்று யாராவது அப்படி நடத்தினால் முதல் ஆளாக நானே எதிர்ப்பேன். இன்னொன்று, மகரக்கட்டு. பதின்மூன்று பதினாலு வயதில் பையனுக்குக் குரல் உடையும். நேற்றுவரை ராஜபார்ட் பாடியவனுக்கு இன்று தொண்டையிலிருந்து தகர ஓசைதான் வரும். பி.யு. சின்னப்பாவுக்கும் அது நடந்தது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் பெரிய நட்சத்திரம் அவர். குரல் போனதும் புதுக்கோட்டைக்குத் திரும்பி, முறையாகச் சங்கீதம் படித்தார், சிலம்பம் கற்றார், பளு தூக்கினார். பிறகுதான் சினிமா, 1940இல் ‘உத்தம புத்திரன்’, தமிழ்நாடு முழுக்கப் புகழ். 1951இல், 35 வயதில் இறந்தும் போனார். அவருக்காவது குரல் திரும்பியது. திரும்பாத பையன்கள் எத்தனையோ பேர். சிலர் படுதா இழுத்தார்கள், சிலர் சமையல்கட்டுக்குப் போனார்கள், சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களும் அதே அடிகளை வாங்கியவர்கள், அதே பாடத்தைப் படித்தவர்கள். அவர்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

அதனால், ‘அதிர்ஷ்டம்தானா எல்லாம்’ என்ற உங்கள் கேள்விக்கு இல்லை என்று ஒரே சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியாது. அதிர்ஷ்டம் உண்டு, நிச்சயமாக உண்டு. உழைத்தவர்கள் எல்லாரும் மேலே வரவில்லை. ஆனால் மேலே வந்தவர்களில், கற்றுக்கொள்ள ஓர் இடமும் கற்றுக்கொடுக்க ஓர் ஆளும் இல்லாமல் வந்தவர்களை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மனோரமாவைப் பற்றியும் உங்கள் மருமகன் சொன்னாரல்லவா? மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்தவர். அப்பா கைவிட்டுவிட, அம்மா வீட்டுவேலை செய்து காப்பாற்றினார். ஊருக்கு வந்த ‘அந்தமான் காதலி’ நாடகத்தில் பெண் வேடம் போட்டவருக்குப் பாட வரவில்லை என்று இந்தச் சிறுமியை அழைத்தார்கள். அது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ 1958இல் வரும்வரை ஊர் ஊராக நாடகம்தான். 1968இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் ஜில் ஜில் ரமாமணியாக அவர் வந்து நிற்பதைப் பாருங்கள். அந்த நாடகக்காரியின் நடை, தலையைச் சாய்த்துப் பேசும் விதம், பெரிய மனுஷர் முன்னால் காட்டும் கொஞ்சல், அதற்கு அடியில் இருக்கும் துக்கம். அதை எந்த இயக்குநரும் படப்பிடிப்புத் தளத்தில் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. மேடைக்குப் பின்னால் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து அரிதாரம் பூசியவருக்குத்தான் வரும்.

விஜய் சேதுபதி கணக்கு எழுதியது எந்த இடத்தில் என்பதையும் உங்கள் மருமகன் விட்டுவிட்டார். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில். நடிகர்கள் பசுபதியும் குரு சோமசுந்தரமும் உருவான இடம். கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பவர்களைப் பார்த்தார், தானும் நடித்தார். பிறகும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. கூட்டத்தில் ஒருவராக, நண்பர்களில் ஒருவராகச் சில ஆண்டுகள் சின்னச் சின்ன வேடங்கள். 2010இல்தான் ‘தென்மேற்குப் பருவக்காற்று’.

உங்கள் மருமகனை ஊருக்குத் திரும்பிவரச் சொல்லாதீர்கள். ஆசை நல்ல ஆசை. காத்திருப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். சென்னையில் நாடகக் குழுக்கள் இருக்கின்றன. பணம் கிடைக்காது, பெயரும் உடனே வராது, ஆனால் வாரத்தில் சில நாளாவது வியர்க்க வியர்க்க வேலை வாங்குவார்கள். கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தாலும் போய்ச் சேரட்டும். போட்டோவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து, ஒரு வாத்தியாரிடம் பாட்டோ, சிலம்பமோ, தேவராட்டமோ கற்கட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கங்களில் கோடைத் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் நடக்கிறது. இந்தப் பங்குனி சித்திரையில் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் இரவு முழுக்க உட்கார வையுங்கள். முன்வரிசையில் வேண்டாம், ஆர்மோனியக்காரர் பக்கமாக ஓரத்தில் இடம் கிடைத்தால் அங்கே. நடிகர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கவனிக்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும். வழி தெரியவில்லை என்றால் எழுதுங்கள், எந்த ஊரில் எப்போது என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்