விதைப்பையில் கெட்டியான கட்டி: விதையை எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. இடது விதையின் பின்புறம், கீழ்ப்பகுதியில், பட்டாணி அளவில் கெட்டியான கட்டி தட்டுப்படுகிறது, வலி இல்லை. ஸ்கேன் அறிக்கையில் 'திண்மக் கட்டி' என்று இருக்கிறது. இது புற்றுநோய்தானா? விதையை எடுத்துவிடுவார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. இதில் முதலில் அறிய வேண்டியது, கட்டி விதைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே. விதைக்குள் எழும் திண்மக் கட்டிகளில் (திரவம் நிறையாத, சதையாலான கட்டிகளில்) பெரும்பாலானவை புற்றுநோயே. வெளியே எழுபவை பெரும்பாலும் தீங்கற்றவை. நீங்கள் சொல்லும் இடத்தில், விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்னும் சுருள்குழாயின் வால்பகுதியில், அடினோமடாய்டு கட்டி என்ற ஒன்று வருவதுண்டு. பொதுவாக 20 முதல் 50 வயதுக்குள் தோன்றி, 2 செ.மீ.க்குள் நின்றுவிடும் இது உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவதில்லை. அதை மட்டும் அகற்றினாலே போதும். ஆனால் சில வேளைகளில் இது விதையின் உறையைத் தொட்டோ உள்ளே நுழைந்தோ வளரும்போது, ஸ்கேனில் புற்றுநோயிலிருந்து பிரித்தறிவது கடினமாகி, அவசியமின்றி விதையையே இழந்தவர்கள் உண்டு.

விதைக்குள்ளும் எபிடெர்மாய்டு நீர்க்கட்டி போன்ற தீங்கற்றவை அரிதாக வருகின்றன. ஸ்கேனில் வெங்காயத்தின் அடுக்குகள் போலத் தெரியும் இதற்குள் ரத்த ஓட்டம் இராது.

ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டில் எது உயர்ந்திருந்தாலும் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். எல்லாம் இயல்பாக இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதி கூற முடியாது. விதைப்பையில் ஊசி செலுத்திச் சதை எடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். புற்றுநோயாக இருந்தால் அது பரவும் பாதையை அந்த ஊசி மாற்றிவிடக்கூடும். அதனால்தான் அறுவையும் தொடைமடிப்பு வழியாகவே செய்யப்படுகிறது. கட்டியின் ஒரு பகுதியை உடனே உறைய வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஃப்ரோஸன் செக்‌ஷன் வசதி இருந்தால், தீங்கற்றது எனத் தெரிந்தவுடன் கட்டியை மட்டும் அகற்றி விதையைக் காப்பாற்றலாம்.

ஒருவேளை விதையை எடுக்க நேர்ந்தாலும், மற்றது நலமாக இருந்தால் ஹார்மோனுக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். இந்த வாரமே சிறுநீரியல் (யூராலஜி) நிபுணரிடம், அறிக்கையோடு ஸ்கேன் படங்களையும் எடுத்துச் சென்று, விதையைக் காக்கும் அறுவைக்கு உங்கள் கட்டி ஏற்றதா என்று நேரடியாகக் கேளுங்கள்.